பதினான்கு பேரில் ஒருத்தியைக் காட்டட்டும்

இன்னும் ஓர் இட்லி வைத்துக்கொள்ளுங்கள், மேடம். வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வைவா பதினொரு மணிக்குத்தான். துறைக்கு இங்கிருந்து நடந்தே ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். தேர்வாளராக வருகிறவர், ரயிலை விட்டு இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். வெறும் வயிற்றோடு போய் அந்தப் பெண்ணின் ஆய்வேட்டைப் பற்றிப் பேச முடியாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படித்த எனக்கே நெஞ்சு எரிந்தது.

ஜெனி! மேடத்துக்குச் சட்னி. ரொம்பக் கெட்டியாக இருக்கிறது பார். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொண்டு வா.

இவள் ஜெனிட்டா. என்னிடம் பிஎச்.டி. செய்கிறாள், நான்காவது வருடம். உவரிப் பக்கத்துப் பெண். தங்கமான பிள்ளை, எதிர்த்து ஒரு சொல் வராது. மாணவி என்றால் இப்படி இருக்கவேண்டும். இன்றைக்கு நீங்கள் பார்க்கப்போகிற எம்.ஏ. பெண் இசக்கியம்மாள் இருக்கிறாளே, அவள் வேறு ரகம். வாயை மூடிக்கொண்டு அவள் இருந்து நான் பார்த்தது தேர்வறையில் மட்டும்தான்.

வடை வரும், பொறுங்கள். உளுந்து கிரைண்டரில் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தம்தான் அது. ஜெனி, கதவைச் சாத்திக்கொள்ளம்மா, மேடம் பேசுவது கேட்கவில்லை.

எங்கள் மகளிரியல் துறைக்கு நான் தலைவியாகிப் பதினொரு வருடம் ஆகிறது. இந்தப் பதினொரு வருடத்தில் எந்த ஆய்வேட்டாலும் எந்தத் தொல்லையும் வந்ததில்லை. ஏன் தெரியுமா? தலைப்புகளை நாங்களே அச்சடித்து வைத்திருக்கிறோம். மொத்தம் பன்னிரண்டு. 'சுய உதவிக் குழு மகளிரின் சமூகப் பொருளாதார நிலை' என்று இருக்கும். அடுத்து ஒரு கோடு. அதற்கடுத்து 'ஒன்றியத்தை முன்வைத்து ஓர் ஆய்வு'. கோட்டின் மேல் ஒன்றியத்தின் பெயரை எழுதவேண்டியதுதான் மாணவியின் வேலை. மானூர், நாங்குநேரி, களக்காடு என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லா ஒன்றியமும் தீர்ந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கேள்விப் பட்டியலும் தயாராக இருக்கிறது. போன வருடம் தேர்வாளராக வந்தவர் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத எங்கயோ படிச்ச மாதிரி இருக்கே" என்றார். "இங்கதான் சார், மூணு வருஷத்துக்கு முன்னாடி" என்று சொல்லி, மாதுளம்பழச் சாறு கொடுத்து அனுப்பினேன். அவரும் சந்தோஷமாகப் போனார்.

இப்படி அழகாக ஓடிக்கொண்டிருந்த துறைக்குள் இந்த இசக்கி வந்து சேர்ந்தாள்.

போன ஜூலையில் தலைப்புக்காக என் அறைக்கு வந்தாள். படிவத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"மேடம், நானே ஒரு தலைப்பு யோசிச்சு வச்சிருக்கேன்."

யோசித்து வைத்திருக்கிறாளாம்! பன்னிரண்டு தலைப்பை நாங்கள் என்ன தூக்கத்திலா போட்டோம்? சரி, சொல்லு என்றேன்.

"லேடீஸ் ஹாஸ்டல் கேட்ட ஆறரைக்குப் பூட்டிருதாவ. ஜென்ட்ஸ் ஹாஸ்டலுக்குக் கேட்டே கிடையாது. அதப் பத்திப் பண்ணுதேன் மேடம்."

"வார்டன் யாரு? ஒரு பெண். நம்ம துறை யாருக்கான துறை? பெண்களுக்கான துறை. ஒரு பெண்ண எதிர்த்து நாமளே எழுதுறதா?"

"வார்டன எதிர்த்து இல்ல மேடம். பூட்ட எதிர்த்து."

பார்த்தீர்களா வாயை? அவள் அம்மா பீடி சுற்றிப் படிக்கவைக்கிறாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவள் எவ்வளவு அடக்கமாக இருக்கவேண்டும்! ஆனாலும் நான் பொறுமையை விடவில்லை. "இசக்கி, பெண்ணியம் வேணும், சர்ச்சை வேண்டாம். ரெண்டும் வேற வேற. இத நோட்டுல எழுதிக்கோ" என்றேன். எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டு சும்மா இருந்தாளா? ஆய்வேட்டின் முதல் இயலில், 'தலைப்புத் தேர்வின்போது ஆய்வாளருக்கு வழங்கப்பட்ட அறிவுரை' என்று அதை அப்படியே போட்டிருக்கிறாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேற்கோள் குறிக்குள்!

மூன்று வாரம் கழித்து வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது. ரொம்பப் பணிவு. அன்றைக்கு என் மருமகளுக்கு வளைகாப்பு, இந்த வீட்டில்தான். எங்கள் துறைப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் கூப்பிட்டால் வராமல் இருப்பார்களா? இசக்கியும் பந்தியில் புளியோதரை பரிமாறிக்கொண்டிருந்தாள். நடுவில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து படிவத்தை நீட்டினாள். பத்தாவது தலைப்பு. 'வீடுகளில் வேலை செய்யும் பெண்களின் பணிச்சுமை'. கோட்டின் மேல் 'பேராசிரியர் குடியிருப்பு' என்று எழுதியிருந்தாள்.

எனக்கு ஒரு கையில் வளையல் தட்டு. "பக்கத்துலயே இருக்கு, பஸ் ஏற வேண்டாம், புத்திசாலி" என்று நானே சொன்னேன். இன்னொரு கையால் கையெழுத்தும் போட்டேன்.

என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தக் குடியிருப்பில் பாத்திரம் தேய்க்கவும் கோலம் போடவும் வருகிற அம்மாக்களைப் பார்த்துக் கேள்வி கேட்பாள், பட்டியல் போடுவாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அவளுக்கு யாரும் அகப்படமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எங்களுக்கு வேலை பார்த்த மாரித்தாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வேறு ஆள் வைக்கத் தேவை ஏற்படவில்லை.

இந்தச் சட்னி எப்படி இருக்கிறது? இப்போது சரியாக இருக்கிறது இல்லையா?

ஏப்ரலில் ஆய்வேடு வந்தது. மூன்று பிரதி, நல்ல கெட்டி அட்டை. 'இது என் மேற்பார்வையில் நிகழ்த்தப்பட்ட ஆய்வு எனச் சான்றளிக்கிறேன்' என்ற பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருந்தாள். மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு மாணவிகள், மேடம். ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டு உட்கார முடியுமா?

முதலில் படித்தது என் வீட்டுக்காரர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கடலை மடித்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் போடுவார். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், "வள்ளி, இந்த எட்டாம் வீடு நம்ம வீடா?" என்றார்.

"எந்த எட்டாம் வீடு?"

"இங்க போட்டிருக்கே. 'எட்டாம் வீடு: நெறியாளர், பெண். வாரத்துக்கு முப்பத்தொரு மணி நேரம். மூன்று மாணவியர் முறை வைத்து வருகின்றனர்.' நம்ம வீட்டுக்கும் மூணு பேர்தான் வர்றாங்க?"

அவருக்கு என்ன தெரியும்! இருபத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறார், உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், முழிப்பார். இவர் வந்து எனக்குச் சொல்கிறார், எந்த வீடு என்று.

அன்றைக்குத்தான் நான் படித்தேன். உங்களிடம் சொல்வதற்கு என்ன, அட்டையைப் பிய்த்துப் போடலாமா என்று வந்தது. அந்த அம்மாக்களில் ஒருத்தியைக்கூட அவள் பார்க்கவில்லை. எங்கள் ஆராய்ச்சி மாணவிகளைப் பிடித்திருக்கிறாள்! எல்லாத் துறையிலிருந்தும் சேர்த்துப் பதினான்கு பேர். ஆளுக்கு ஓர் அட்டவணை கொடுத்து, நெறியாளர் வீட்டில் எந்த மணிக்கு என்ன செய்தாய் என்று ஒரு மாதம் குறிக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்கு 'ஊதியமில்லா வீட்டுப் பணி' என்று பெயர்.

இருபத்து மூன்று வகை வேலை கண்டுபிடித்திருக்கிறாள். சிலிண்டருக்குப் பதிவு செய்வது. தையல்காரரிடம் ரவிக்கை வாங்கி வருவது. படுத்திருக்கும் முதியவருக்குக் கஞ்சி ஊட்டுவது. இதெல்லாம் வேலையா? என் மாமியார் உள்ளே படுத்திருக்கிறார். ஜெனி ஊட்டினால்தான் நாலு வாய் உள்ளே போகும், என் கையைத் தட்டிவிடுவார். பாசம், மேடம்! பாசத்துக்கு எப்படி அட்டவணை போடுவது?

வளைகாப்பையும் சேர்த்திருக்கிறாள்! 'எட்டாம் வீட்டில் வளைகாப்பு: ஆறு மாணவியர், ஆளுக்கு ஒன்பது மணி நேரம்'. வந்த பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், வளையல் போட்டுக்கொண்டார்கள், சிரித்தார்கள். அது கொண்டாட்டம். அதைப்போய் மணிக்கணக்கில் எழுத எப்படி மனசு வந்தது? ஆனால் அந்த எட்டாம் வீடு எங்கள் வீடு இல்லை. இந்தக் குடியிருப்பில் இருபது வீடு இருக்கிறது. போன வருடம் வளைகாப்பு நடந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான், அது வேறு விஷயம்.

அந்தப் பதினான்கு பேருக்கும் பெயர் போடாமல் எண் கொடுத்திருக்கிறாள். அதில் ஏழாம் எண்காரி சொன்னது என்று ஒன்று போட்டிருக்கிறாள், நாற்பத்தொன்றாம் பக்கம். எனக்கு மனப்பாடமாகிவிட்டது. 'மாவு ஆட்டுவது பெரிய வேலை இல்லை. அதைக் கிரைண்டர் ஆட்டும். ஆட்டி முடித்ததும் கழுவுவதுதான் வேலை. அப்படியே விட்டால் மாவு காய்ந்து கல்லில் பிடித்துக்கொள்ளும். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் எட்டு மாதமாக நெறியாளரின் மேசையில் இருக்கிறது. கிரைண்டரை மட்டும் ஒரு நாளும் காயவிட்டதில்லை.' என்ன நாடகம் பாருங்கள்! யார் இந்தப் பெண் என்று ஜெனியிடமே கேட்டேன். "உனக்குத் தெரியுமாம்மா?" என்று. "தெரியாது மேடம்" என்றாள். அவளுக்கே தெரியவில்லை என்றால் அப்படி ஒருத்தி இல்லை என்றுதானே பொருள்?

இதற்கெல்லாம் மேலே ஒன்று செய்திருக்கிறாள். முதல் இயலில் முதல் வரி. 'அன்பு என்று பெயர் வைத்து வாங்கினாலும் வேலை வேலைதான்.' யார் எழுதியது தெரியுமா? நான்! உப்பளப் பெண்களின் வீட்டுழைப்பைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதினேன். மகளிர் தின மேடைகளில் இருபது வருடமாக அந்த வரியைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். என் வரியை எடுத்து எனக்கே உலை வைக்கிறாள்!

அவளைக் கூப்பிட்டு விட்டேன். "அது உப்பளத்துப் பெண்களப் பத்தி எழுதுனது. அத எதுக்கு இங்க கொண்டுவந்து ஒட்டுத?"

"எழுதினது உங்க அனுபவத்துலன்னு நெனச்சேன் மேடம்."

"என்ன அனுபவம்? நான் உப்பு வாருனேனா?"

"இல்ல மேடம். உங்க நன்றியுரையில உங்க சார் வீட்டம்மாவுக்கு நன்றி சொல்லியிருக்கீய. 'மூன்று ஆண்டுகள் என்னைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே நடத்தினார்'னு. அதான் கேக்கேன்."

என்ன திமிர் பாருங்கள். நூலகத்தில் போய் என் ஆய்வேட்டை எடுத்து நன்றியுரையைப் படித்திருக்கிறாள். நன்றியுரையை யாராவது படிப்பார்களா?

போனேன்தான். என் நெறியாளர் வீட்டுக்கு மூன்று வருடம் போனேன். அவர் சட்டை மட்டும் வாரத்துக்குப் பதினொன்று. மொட்டைமாடிக் கொடியில் காய்ந்ததை எடுத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து மடிப்பேன். தரை சுடும். அந்த வரியை அங்கேதான் ஒரு சலவைச் சீட்டின் பின்பக்கத்தில்... சரி, அது எதற்கு இப்போது? நான் யார் மேலாவது ஆய்வேடு எழுதினேனா? பல்லைக் கடித்துக்கொண்டு முடித்து வெளியே வந்தேன். அது மட்டுமில்லை, அவர் ஆண். ஆண் வாங்கினால் அது சுரண்டல். நான் என்ன ஆணா? நான் இந்தப் பிள்ளைகளுக்கு அம்மா மாதிரி.

கிரைண்டர் நின்றுவிட்டது. இதோ, எண்ணெய் காய்ந்ததும் வடைதான்.

அதனால் விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வேட்டுக்கு அறுபது, வைவாவுக்கு நாற்பது. இரண்டுமே உங்கள் கையில். ஐம்பதுக்குக் கீழே போனால் அடுத்த ஏப்ரலில் வேறு தலைப்பில் எழுதட்டும். வள்ளியூர் ஒன்றியம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அவளுக்குச் சமூகநல அலுவலகத்தில் ஆலோசகர் வேலை கிடைத்திருக்கிறதாம். ஜூன் முப்பதுக்குள் பட்டம் வாங்கியதைக் காட்டவேண்டுமாம். அந்த வேலை போகும் என்கிறீர்களா? போகட்டுமே. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து அம்மாவோடு பீடி சுற்றட்டும். புத்தி வரும். நான் அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று ஐந்து கேள்வி தயார் செய்து வைத்திருக்கிறேன். இந்தாருங்கள். முதல் கேள்விதான் முக்கியம். 'பதினான்கு பேர் என்கிறாய். ஒருவர் பெயரும் இல்லை. எல்லாம் எண். இவர்கள் உண்மையில் இருக்கிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? பதினான்கு பேரில் ஒருத்தியைக் காட்டு.' எப்படி? இதற்கு அவளால் பதில் சொல்லவே முடியாது. பெயரைச் சொல்லமாட்டேன் என்று அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறாள். காட்டினால் உறுதி போச்சு. காட்டாவிட்டால் ஆய்வு போச்சு.

அழகாகத் தட்டச்சு செய்திருக்கிறது, இல்லையா? ஜெனிதான் செய்தாள், நேற்று மத்தியானம். முதல் கேள்வியை முடித்ததும் அதையே மறுபடி மறுபடி படித்தாள். "என்னம்மா, பிழை இருக்கா?" என்றேன். "இல்ல மேடம். கேள்வி சரியாத்தான் இருக்கு" என்றாள்.

என்ன மேடம், தாளைத் திருப்பி வைத்துவிட்டீர்கள்? எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்காகத்தான்.

அது என்ன கவர்? ஆய்வேட்டு மார்க்கா? ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டாயிற்றா? எப்போது? ரயிலிலேயேவா? இரண்டு தடவை படித்தீர்களா... சரி, எவ்வளவு என்று நான் கேட்கக்கூடாது, விதி தெரியும். ஆனாலும் ஒன்று மட்டும் சொல்லுங்கள். வைவாவில் ஒன்றுமே வாங்காவிட்டாலும் பாஸ் ஆகிற அளவுக்கா?

சிரிக்கிறீர்கள். சரி. நீங்கள் பெரியவர், உங்கள் இஷ்டம். ஆனால் வைவாவில் அந்த முதல் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். துறையில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அவள் முழிப்பதை நான் பார்க்கவேண்டும். அதுவாவது எனக்கு வேண்டும்.

ஐயோ, தட்டை ஏன் எடுக்கிறீர்கள்? வையுங்கள் மேடம். விருந்தாளி தட்டுக் கழுவுவதா, நன்றாயிருக்கிறதா? ஜெனி! ஜெனி, மேடத்திடம் தட்டை வாங்கிக்கொள். வடை என்னாச்சு?

ஜெனி!

எங்கே போனாள்? வாசலில் செருப்பைக் காணோம்.

உங்களிடம் சொல்லிவிட்டுப் போனாளா? எப்போது? நான் கவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதா? கண்ணாலேயேவா? நீங்களும் தலையாட்டினீர்களா? வைவா எல்லாருக்கும் பொது, யாரும் வந்து உட்காரலாம், அது எனக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு அங்கே என்ன வேலை? நான்காம் இயல் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அதையாவது நினைத்துப் பார்க்கவேண்டாமா?

இங்கே வாருங்கள், இந்த ஜன்னலுக்கு. அதோ போகிறாள். பையைக்கூட மாட்டிக்கொண்டு போகிறாள். கூட யார்? அது பொருளாதாரத் துறைத் தலைவர் வீட்டிலிருந்து வருகிறவள். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வருகிறாள் பாருங்கள். விலங்கியல்காரர் வீட்டிலிருந்து இரண்டு பேர். வரலாறு. மூலை வீட்டிலிருந்து ஒருத்தி, தண்ணீர்க் குழாயை ஓடவிட்டுவிட்டே போகிறாள். எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் போகிறார்கள். துறைப் பக்கம்.

ஒன்பது, பத்து... அந்த வேப்பமரத்தடியில் நிற்பது இசக்கியா? அவள் இவர்களைக் கூப்பிடவில்லை போலிருக்கிறதே. வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பதின்மூன்று. ஜெனியோடு பதினான்கு.

அப்படியானால் அந்த ஏழாம் எண்... இல்லை, இல்லை. இருக்காது. அவளிடம் நான் கேட்டேனே.

கொஞ்சம் இருங்கள் மேடம், உடனே கிளம்பாதீர்கள். நானும் வரவேண்டும், நான் இல்லாமல் வைவா நடக்காது. இந்த அடுக்களையைப் பார்த்தீர்களா? அடுப்பே பற்றவைக்கவில்லை. உளுந்து மாவு அப்படியே கிரைண்டரில் கிடக்கிறது. இதற்குள் ஓரமெல்லாம் காய்ந்து வெள்ளையாகிவிட்டது. சாயங்காலம் நாம் திரும்பி வருவதற்குள் கல்லாகப் பிடித்துக்கொள்ளும். இப்போதே கழுவவேண்டும்.

இந்தக் குழவியை எந்தப் பக்கம் திருப்பிக் கழற்றுவது? உங்களுக்குத் தெரியுமா, மேடம்?